டெண்டர் என்றால் இளசு

தாடையில் கம்பி கட்டியிருந்த ஆறு வாரமும் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "இன்னாதான் நடந்துச்சு?" வாயைத் திறக்க முடியாதவனிடம் கேட்கிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. கம்பியை எடுத்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறது. அதிகம் பேசினால் காதுக்கு முன்னால் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சாலமோன். திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நட்டு அறுத்தவர்கள். நான் பி.ஏ. இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிட்டேன். கம்பெனிகளுக்காக ஊர் ஊராகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் சர்வே வேலை, நாள் கூலிக்குச் செய்துகொண்டிருந்தேன்.

அந்த முறை கிடைத்தது கேக் வேலை. ஒரு தின்பண்டக் கம்பெனி, குழந்தைகளுக்காகச் சின்னக் கேக் இரண்டு வகை செய்திருந்தது. வெள்ளை உறை, மேலே பெயர் கிடையாது. ஒன்றில் 417, மற்றதில் 682 என்று எண் மட்டும். பெயரைப் பார்த்து யாரும் சொல்லிவிடக் கூடாதாம், நாக்கும் பல்லும்தான் சொல்ல வேண்டுமாம். ஒன்றைத் தின்று, தண்ணீர் குடித்து வாயைக் கழுவி, பிறகு அடுத்ததைத் தின்ன வேண்டும். குழந்தை சொல்வதைக் கேட்டு, கம்பெனி அச்சடித்துக் கொடுத்த பாரத்தில் இருக்கும் ஆங்கில வார்த்தைகளில் எது பொருந்துகிறதோ அதில் நான் டிக் போட வேண்டும்.

அந்த வார்த்தைகளுக்காகவே எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்த பெண் மேசையில் அப்பளம், முறுக்கு, பழைய பிஸ்கட், பன் எல்லாம் பரப்பி வைத்திருந்தாள். முன்பல்லில் ஒரே சத்தத்தோடு உடைந்தால் க்ரிஸ்ப். கடைவாயில் பல தடவை நொறுங்கினால் க்ரஞ்சி. உதிர்ந்து கொட்டினால் க்ரம்ப்ளி. நமுத்துப் போனது சாகி. நமக்கு மொறுமொறு, கரகர, பொரபொர, சவசவ என்று இருக்கும் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு வார்த்தை இருந்தது. சாஃப்டுக்கும் டெண்டருக்கும் என்ன வித்தியாசம் என்று நான்தான் கேட்டேன். எனக்குத் தெரிந்த டெண்டர் ரோடு போடுவதற்கு விடுவது. அவள் சிரித்துவிட்டு, "விரலுக்குத் தெரியறது சாஃப்ட், பல்லுக்குத் தெரியறது டெண்டர். இளசா, கடிக்கவே வேண்டாத மாதிரி இருந்தா டெண்டர்னு போடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்து என் மனைவி ராணிக்கும் அதைச் சொல்லிக் காட்டினேன்.

பழையசீவரம் தாண்டி ஆற்றோரமாக உள்ளே போகும் பாதையில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். பள்ளிக்கூடம் விட்ட நேரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். பதினோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். பாரத்தின் கடைசியில் பெற்றோர் கையெழுத்து வாங்க இடம் இருந்தது. முதலில் வாங்கிவிட்டுத்தான் கேக்கைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்துவிட்டேன். இது என் தப்பு. இதை எங்கேயும் மறைக்கவில்லை, இங்கேயும் மறைக்க மாட்டேன்.

ஏழு வயசுப் பெண் ஒருத்தி, கீர்த்தனா என்று பெயர் சொன்னாள். 417-ஐத் தின்றுவிட்டு, "பஞ்சு மாறி கீது. பல்லே வாணாம்" என்றாள். பெயர், வயது எழுதி, டெண்டரில் டிக் போட்டேன்.

அந்த வாரம் எல்லார் போனிலும் ஒரு குரல்பதிவு சுற்றிக்கொண்டிருந்தது. வடக்கே இருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், மயக்க மருந்து வைத்த பிஸ்கட் கொடுத்துப் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், கிட்னியை எடுக்கிறார்கள் என்று. எனக்கும் வந்தது. நான் கேட்டுவிட்டு அழித்துவிட்டேன். அந்த ஊரில் யாரும் அழிக்கவில்லை.

கீர்த்தனாவின் அம்மா வசந்தா அப்போதுதான் கழனியிலிருந்து வந்தாள். மகள் கையில் வெள்ளை உறையைப் பார்த்தாள்.

"யாரு நீ? எம்பொண்ணுக்கு இன்னா குடுத்த?"

"கேக்குமா. கம்பெனி வேலை. சாப்ட்டு எப்டி கீதுன்னு சொன்னா எழுதிக்குவேன்."

"அதுல கம்பெனி பேரே இல்லியே."

"பேரு போடக் கூடாதும்மா, அதான் வேலையே."

எனக்கே அந்தப் பதில் நன்றாக இல்லை. அவள் மகளின் வாய்க்குள் விரலை விட்டு மிச்சத்தைத் தோண்டி எடுத்தாள். பிறகு திரும்பிக் குரல் கொடுத்தாள். "யாராச்சும் வாங்க. புள்ள புடிக்கிறவன் வந்துகீறான்."

கழனியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து ஐந்து நிமிஷத்தில் நாற்பது பேர் இருக்கும். என் வண்டிச் சாவியை ஒருவன் பிடுங்கினான். நான் திருப்புலிவனத்துக்காரன், எங்கள் வீடு இங்கிருந்து கொஞ்ச தூரம்தான் என்று சொன்னேன். அவர்கள் பேசும் பேச்சைத்தான் நானும் பேசினேன். "தமிழ் நல்லா கத்துக்கினு வந்துகீறான்" என்றான் ஒருவன். அதற்கு மேல் நான் எந்த மொழியில் பேசுவது?

அப்போது பாரம் ஒருவன் கைக்குப் போனது. முப்பது வயசு இருக்கும், வெள்ளைச் சட்டை, படித்தவன் களை. மற்றவர்கள் அவனுக்கு வழி விட்டார்கள். அவன் சத்தமாகப் படித்தான்.

"கீர்த்தனா. வயசு ஏழு. டெண்டர். தினேஷ். வயசு ஒம்போது. சாஃப்ட், டெண்டர்."

"அப்டின்னா இன்னாப்பா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"டெண்டர்னா இளசு. புள்ளைங்க பேரு போட்டு, பக்கத்துல இளசா கீதான்னு குறிச்சிகினு வர்றான்."

அது கேக்கைப் பற்றி எழுதியது என்று நான் சொல்ல வாயைத் திறந்தேன். இடது பக்கத்திலிருந்து ஒரு கல் வந்து தாடையில் இறங்கியது. யார் கை என்று நான் பார்க்கவில்லை. என் தலைக்குள்ளேயே முறுக்கு உடைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கீழே விழுந்த பிறகு எல்லாம் கால்கள்தான். ஒருவன் விலாவில் உதைத்துக்கொண்டே இருந்தான். அவன் வசந்தாவின் புருஷன் ஏழுமலை என்பது பிறகு தெரிந்தது. தென்னை மட்டையால் முதுகில் அடித்தார்கள். மட்டை பிய்ந்ததும் வேறு மட்டை கொண்டுவந்தார்கள். இடது கையை ஒருவன் செருப்புக் காலால் மிதித்து நின்றான். வாயில் உடைந்த பற்கள் கிடந்தன. துப்பினால் இன்னும் அடிப்பார்களோ என்று ஒன்றை விழுங்கிவிட்டேன். இரத்தம் கண்ணில் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று தெளிவாகத் தெரிந்தது. ராணி முகம் ஞாபகம் வந்தது என்றெல்லாம் சொல்ல ஆசை. வரவில்லை. எழுந்தால் இவர்களில் ஒருவன் கழுத்தையாவது கடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஏதோ கனமாக என் மேல் விழுந்தது. வசந்தா. "போதும், செத்துடுவான், வுடுங்க" என்று கத்திக்கொண்டு என் மேல் படுத்துக்கொண்டாள். அவள் மேலும் இரண்டு அடி விழுந்தது. ஆளைக் கூப்பிட்டது அவள்தான். நிறுத்தத்தான் அவளால் முடியவில்லை. போலீஸ் ஜீப் வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

உத்திரமேரூரில் இரத்தத்தை நிறுத்திவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே முதலில் ஒரு பெரிய நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடிதடிக் கேஸ் என்றால் வைத்தியத்துக்கு முன்னால் அந்த எழுத்துதான். "அடிச்சவங்க தெரிஞ்சவங்களா, தெரியாதவங்களா?" என்று கேட்டார்கள். நான் கையை விரித்தேன். தெரியாதவர்கள் என்று எழுதினார்கள்.

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் இரத்தக் கசிவு இல்லை. விலாவில் இரண்டு எலும்பு கீறல் விட்டிருந்தது. அதற்குக் கட்டெல்லாம் கிடையாது, வலிக்க வலிக்க மூச்சு விட வேண்டியதுதான். தாடையைப் படம் எடுக்க முகத்தைச் சுற்றி வரும் ஒரு இயந்திரத்தில் நிற்க வைத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் காட்டி, பல் டாக்டரம்மா சொன்னாள். சின்ன வயசுதான் அவளுக்கு. "கீழ்த்தாடை ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. கை கால்னா மாவுக்கட்டு போடலாம். தாடைக்கு உங்க பல்லுதான் மாவுக்கட்டு. மேல் பல்லையும் கீழ் பல்லையும் சேர்த்துக் கட்டிடுவோம். எலும்பு கூடற வரைக்கும் வாய் திறக்காது."

ஈறில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டுத்தான் கட்டினார்கள். வலி தெரியவில்லை, இழுப்பது தெரிந்தது. மேல் வரிசைக்கு ஒரு உலோகப் பட்டை, கீழ் வரிசைக்கு ஒன்று. பல் இடுக்குகளில் கம்பியை நுழைத்துக் குறடால் முறுக்கினாள். வேலி கட்டுகிற ஆள் முறுக்குவதுபோல் ஒவ்வொன்றாக. முடித்ததும் கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னக் கத்தரிக் குறடைக் கயிற்றில் தொங்கவிட்டு, ராணியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இவருக்கு வாந்தி வந்தா வெளிய வர வழியில்ல. மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். ஒரு பக்கமாப் படுக்க வைங்க. அப்பவும் திணறினா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. இந்தக் கம்பிகளை வெட்டிடுங்க."

ராணி எட்டாவதோடு நின்றவள். எந்தெந்தக் கம்பி என்று நான்கு தடவை தொட்டுக் காட்டச் சொன்னாள்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் என் பாரம், இரத்தம் காய்ந்து அட்டையாகியிருந்தது. என்மேலும் ஒரு புகார் வாங்கி வைத்திருந்தார்கள்.

"க்ரம்ப்ளின்னா என்ன? இது யாருக்கு அனுப்பற கோட்?"

நான் நோட்டில் எழுதினேன், வலது கை நன்றாக இருந்தது. உதிரும் என்று எழுதினேன். அவர் நம்பாமல் அடுத்ததைக் கேட்டார். கம்மி என்றால்? பிசின்போல் ஒட்டும். மாய்ஸ்ட்? ஈரப்பதம். டெண்டர் என்று அவர் விரலை வைத்தபோது நோட்டைக் கீழே வைத்துவிட்டேன். டாக்டரம்மா அப்போது உள்ளே வந்தாள். பாரத்தை வாங்கிப் பார்த்தாள்.

"சார், இது சாப்பாடு வாயில எப்படி இருக்குன்னு சொல்ற வார்த்தைங்க. மேலேயே 'கேக்'னு போட்டிருக்கே. படிச்சவங்க யாருக்கும் தெரியும்."

இன்ஸ்பெக்டர் பாரத்தின் மேல்வரியைப் பார்த்தார். கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் பிறகு அந்தப் புகார் என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. எனக்கு வேறொன்று உறைத்தது. ஊரில் அதைப் படித்தவனுக்கும் அந்த மேல்வரி தெரிந்திருக்குமே.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். பல் போன சந்தில் ரப்பர்க் குழாயை விட்டு, ஊசிப் பீச்சாங்குழலால் மெல்ல மெல்ல உள்ளே தள்ள வேண்டும். தண்ணியாக இருக்கிற எதுவும் சரி என்று சொன்னார்கள். ஆனால் தண்ணியில் இத்தனை வகை உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. கேப்பங்கூழில் ஒரு சின்னக் கட்டி இருந்தால் போதும், குழாய் அடைத்துக்கொள்ளும். பருப்புத் தண்ணீரில் தோல் வந்து கம்பியில் மாட்டிக்கொண்டால் நாக்கால் எடுக்க முடியாது, நாள் முழுக்க உறுத்தும். நோட்டில் 'லம்பி' என்று எழுதி ராணியிடம் காட்டினேன்.

"இன்னாது அது?"

கட்டி கட்டியாக இருக்கிறது என்று எழுதினேன்.

"அத்த தமிழ்லியே எழுதேன்" என்று சொல்லிவிட்டு, பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து இரண்டு மடிப்பாக்கி வடிகட்ட ஆரம்பித்தாள். அடுத்த வேளையிலிருந்து அவளே குழாயில் விடுவதற்கு முன் விரல் நுனியில் தேய்த்துப் பார்ப்பாள். "வழவழன்னுதான் கீது. குடி." பக்கத்துக் கட்டில் ஆள், மாடு முட்டி இடுப்பு உடைந்தவர், தினமும் பகோடா வாங்கி வரச் சொல்லித் தின்பார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கட்டிய பல்லுக்குள் இரத்தம் கொதிக்கும்.

பத்தாவது நாளோ என்னவோ, ராணி கொடுத்த கஞ்சியில் ஒரு அரிசிக் குருணை இருந்தது. குழாய் அடைத்தது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. ஸ்டீல் டம்ளரை எடுத்து அவள்மேல் வீசினேன். புருவத்தில் பட்டுக் கிழிந்தது. இரண்டு தையல். அவள் அழவில்லை. தையல் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, "அவுங்க அடிச்சாங்கன்னு நீ என்னை அடிப்பியா?" என்றாள். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் என்று அப்போது தோன்றியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்.

என்னை அடித்த வீடியோ ஒன்று எல்லார் போனிலும் வந்துவிட்டது. அதை வைத்து ஏழுமலையோடு சேர்த்து நான்கு பேரைப் பிடித்தார்கள். அந்த வாரம் ஊரிலிருந்து மூன்று பேர் சமாதானம் பேச வந்தார்கள். இரண்டு பேர் பெரியவர்கள். பேசியவன் மூன்றாமவன்.

"அண்ணா, நம்ம ஜனங்களுக்கு விவரம் பத்தாது. புள்ளைங்க மேல பயம். மிஸ்அண்டர்ஸ்டாண்டிங். யாருன்னு அடையாளம் தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிபோச்சு."

முகத்தை நான் மறந்திருந்தேன். குரலை மறக்கவில்லை. வயசு ஏழு, டெண்டர் என்று படித்த குரல். தனசேகர் என்று பெயர் சொன்னான். நோட்டில் எழுதினேன்: 'டெண்டர் என்று படித்தது நீதானே.' அவன் அதைப் பார்த்தான். முகம் மாறவில்லை. நோட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "உடம்ப பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். போலீஸிடம் எழுதிக் காட்டினேன். படித்தது குற்றம் இல்லை, அடித்ததை யாராவது பார்த்திருந்தால் சொல் என்றார்கள். வீடியோவில் அவன் இல்லை.

இரண்டு நாள் கழித்து வசந்தா தனியாக வந்தாள். புருஷனைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்று கேட்க வந்திருந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று, "அண்ணா, நான்தான் கூப்டேன். எம்மேல எழுதிக்க. அவர வுட்டுடு" என்றாள். ராணி அவளை வெளியே போகச் சொன்னாள். அந்த நேரத்தில்தான் எனக்குக் குமட்டியது. காலையில் போட்ட மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, பல்லில் மோதி மூக்கு வழியாக வழிந்தது. மூச்சு நின்றது. கண் பிதுங்கிக் கால் உதைத்துக்கொண்டது. தண்ணீரில் மூழ்குவது இப்படித்தான் இருக்கும்.

ராணி குறடைக் கையில் எடுத்தாள். என் தலை ஆடியதால் அவளால் வெட்ட முடியவில்லை. வசந்தா கட்டிலில் ஏறி மண்டி போட்டு, என் தலையை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்தினாள். "வெட்டு, நான் புடிச்சிகினு கீறேன். வெட்டு." ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. வாய் திறந்தது. உடைந்த எலும்பு அகன்ற வலியில் நான் அலறினேன். அலற மூச்சு இருந்தது. எல்லாம் வசந்தாவின் மடியில் கொட்டியது. அவள் கையை எடுக்கவில்லை.

மறுநாள் மறுபடியும் கட்டினார்கள். அவள் அதற்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் அடையாள அணிவகுப்புக்குக் கூப்பிட்டார்கள். சிறைக்குள் மாஜிஸ்ட்ரேட் முன்னால் ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள், அடித்தவர்களைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஏழுமலை மூன்றாவதாக நின்றான். வசந்தா என் தலையைப் பிடித்தது நினைவில் இருந்தது. என் விலாவும் நினைவில் இருந்தது. அவன் தோளில் கை வைத்தேன். மாஜிஸ்ட்ரேட் எழுதி முடிக்கும்வரை கையை எடுக்கவில்லை. நான்கு பேரையும் காட்டினேன்.

வெளியே வாசலில் வசந்தா உட்கார்ந்திருந்தாள், புருஷனைப் பார்க்க வந்தவள். ராணி என் கையை இறுக்கிப் பிடித்தாள். சாபம் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து வந்தாள்.

"காட்டிட்டியா?"

தலையாட்டினேன்.

"எத்தினி பேர?"

நான்கு விரல் காட்டினேன்.

"அஞ்சு பேரு." இன்னும் கிட்டே வந்தாள். "கல்லால அடிச்சது எம்புருஷன் இல்ல. தனசேகரு. காயிதத்த படிச்சி முடிச்சான், கால்கிட்ட கெடந்த கல்ல எடுத்தான், அடிச்சான். அப்பால போன எடுத்துப் படம் புடிச்சான். படம் புடிச்சவன் படத்துல எப்டி வருவான்?"

"இத்தினி நாளு ஏன் சொல்லல?" என்று ராணி கேட்டாள்.

"தனசேகரு வூட்டு கழனிலதான் எனக்கு வேலை. வாய மூடிகினு இருந்தா ஜாமீன் எடுத்துத் தர்றேன்னான். இன்னும் எடுக்கல. எடுத்தாலும் இனிமே நான் மூடிகினு இருக்கப் போறதில்ல. இவரு வாய்லேர்ந்து கொட்னது என் சீலைல இன்னும் நாறிகினு கீது."

அங்கிருந்தே மூவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இத சொன்னா உன் புருஷன் வெளிய வந்துடுவான்னு நினைக்காத. அவன் உதைச்சது வீடியோவுல இருக்கு."

"தெரியும். அவரு செஞ்சது அவரு செஞ்சதுதான். நான் சொல்றத எழுது."

தனசேகரைப் பிடிக்க இருபது நாள் ஆயிற்று. மேல்வரியைப் பார்த்தும் ஏன் அப்படிப் படித்தான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இப்போது எல்லாருமே ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். ஏழுமலை வசந்தாவோடு பேசுவதில்லை என்று கேள்வி. அந்தக் கழனியில் அவளுக்கு வேலை இல்லை. வாலாஜாபாத் பக்கம் ஏதோ கிடங்கில் மூட்டை தைக்கிறாளாம். நான் சர்வே வேலையை விட்டுவிட்டேன். பிள்ளைகள் கூட்டமாக எதிரே வந்தால் இப்போதும் ரோட்டின் மறுபக்கம் போய்விடுகிறேன்.

வழக்கில் நான் முதல் சாட்சி, வசந்தா இரண்டாம் சாட்சி. வாய்தா நாட்களில் நீதிமன்ற வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், நடுவில் ராணி. ராணி அவளோடு பேசுகிறாள். நான் இன்னும் பேசவில்லை. "புள்ள புடிக்கிறவன்" என்று கூப்பிட்ட அந்தக் குரலை என் காது விட மாட்டேன் என்கிறது. ஆனால் அவள் வரும் பஸ் தாமதமானால், என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்து போய் வாசலில் நிற்கிறேன்.